சனிக்கிழமைக் குதிரை

கட்டில் மேலயே ஒக்காருங்க. சேர்ல துணி கெடக்குது, மடிச்சு வெக்க நேரமில்ல. பொண்ணோட அக்காவுக்கு ஊட்டச் சுத்திக் காட்டுன்னு அத்தை சொன்னாங்க, காட்டியாச்சு. கீழ ஹாலு, சாமி ரூமு, மேல இந்த ரூமுங்க, பொறகால எண்ணெ மில்லு, தேங்கா ஒணத்தற களம். இனி ஆம்பளைங்க மண்டபம் பேசி, சீர் பேசி, அப்பறம் தேங்கா வெலைக்கு வந்துட்டாங்கன்னா லேசுல எந்திரிக்க மாட்டாங்க. நீங்க காப்பியக் குடிங்க.

மாடிப்படில வர்றப்ப நீங்க மெதுவா ஒண்ணு கேட்டீங்க. 'எந்தங்கச்சிய வெளிய தெருவ உடுவாங்களா'ன்னு. நான் காதுல உழுகாத மாதிரி வந்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க, கீழ அத்தை நின்னுட்டிருந்தாங்க. நீங்க கேட்டதுல தப்பில்ல. வேலைக்குப் போன பொண்ணு, ஸ்கூட்டி ஓட்டற பொண்ணு, அக்காளுக்கு வெசனம் இருக்கத்தான செய்யும்?

மொத ஒண்ணு சொல்லீர்றேன். இந்த ஊட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. காய்க்காரர் கேட்டுக்கே வந்துர்றாரு. சீலை எடுக்கோணும்னா கடைக்காரரே பொட்டி பொட்டியாக் கொண்டாந்து ஹால்ல விரிச்சுப் போட்டுருவாரு. தையல்காரம்மா வருது. தலை வலிச்சா டாக்டர் வருவாரு. இதுக்கு மேல எங்க போகோணும்? எங்கம்மா ஊடு வெள்ளகோயில்தான், பஸ்ஸுல ஏறுனா ஒரு தூக்கம் தூங்கி முழிக்கறதுக்குள்ள போயிரலாம். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். இல்ல, அதுக்கு முந்துன பொங்கல். போன பொங்கலுக்கு அத்தைக்குக் கால் வலி.

அதுக்காக வெளியவே போக முடியாதுன்னு நெனச்சுக்காதீங்க. நான் குதிரை ஓட்டியிருக்கறனுங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். இந்தக் காங்கயத்துல எந்தப் பொம்பளை ஓட்டியிருக்கறா சொல்லுங்க பாப்போம்? மெதுவாப் பேசறேன், கதவு பக்கம் கொஞ்சம் பாத்துக்கங்க.

எம்பையன் சர்வேஷ் இருக்கறானல்ல, இப்ப மலைல ஹாஸ்டல்ல படிக்கறான், அவனாலதான் அது நடந்துச்சு. அப்ப ரெண்டாங் கிளாஸ் போயிட்டிருந்தான். ரொம்பப் பயந்த பையன். நாயப் பாத்தாப் பயம். மில்லுல சங்கு ஊதுனாப் பயம். பலூன் எங்கியாச்சும் இருந்தா அது எப்ப ஒடயுமோன்னு அதையே பாத்துட்டிருப்பான், வெளையாட மாட்டான். ராத்திரில எங்கையத் தலைக்கு வெச்சுத்தான் தூங்குவான். எனக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல. கொழந்தைன்னா அப்படித்தான இருக்கும்?

எங்கூட்டுக்காரருக்கு அது அவமானமுங்க. ஹால்ல போட்டோ பாத்தீங்கல்ல, குதிரையப் புடிச்சுட்டு மீசையோட ஒருத்தர் நிக்கறாரே, அது அவரோட பாட்டனாரு. அந்தியூர்ச் சந்தைல குதிரை வாங்கி அதுலயே ஏறி ஊருக்கு வந்தாராம். அந்த வம்சத்துல இப்படி ஒண்ணான்னு அவருக்கு. ஒரு நா பங்காளி ஊட்டுல காதுகுத்து. பந்தில ஒக்காந்திருக்கறப்ப எவனோ சரவெடி கொளுத்திட்டான். இவன் எலைய உட்டுட்டு டேபிளுக்கு அடில பூந்துட்டான். வரவே மாட்டேங்கறான். வந்திருந்த சொந்தக்கார ஒறம்பரை சனம் பூராச் சிரிக்குது. இவங்கப்பா குனிஞ்சு காலப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு.

மறுநா சொன்னாரு, 'பையனக் குதிரை ஏத்தம் பழக்கப் போறேன். திருப்பூர் ரோட்டுல படியூர் தாண்டி ஒரு எடம் இருக்குது, சனிக்கிழமை சனிக்கிழமை.' அவ்வளவுதான். அவர் சொன்னா சொன்னதுதான்.

மொதச் சனிக்கிழமை அவரே கூட்டீட்டுப் போனாரு. இவன் அந்த எடத்துக் கம்பி கேட்டப் புடிச்சவன் உடவே இல்லியாம். ரெண்டு அடி போட்டுத் திரும்பக் கூட்டியாந்துட்டாரு. அடுத்த வாரமும் அதேதான். அதுக்கடுத்த வாரம் கார்ல ஏத்தறப்பவே தேம்பித் தேம்பி, 'அம்மா வந்தா ஏறறேன், அம்மா வந்தா ஏறறேன்'னு சொன்னான். அத்தை ஒடனே, 'அவ எதுக்கு அங்க?'ன்னாங்க. இவர் ரோசனை பண்ணுனாரு. தேங்கா வரத்து ஜாஸ்தியா இருந்த நேரம், அவராலயும் வாரா வாரம் போக முடியாது. 'போயிட்டு வரட்டும்மா, பெரியசாமி கார் ஓட்டறானல்ல'ன்னுட்டாரு.

அப்படித்தானுங்க ஆரம்பிச்சது. நான் கேட்டுப் போகுல. அதச் சொல்லிக்கறேன்.

போறப்ப நான் கண்ணாடிய எறக்கி உட்டுக்கிட்டேன். அத்தைகூடப் போனா ஏசி போட்டுக் கண்ணாடி மூடியிருக்கும், அவங்களுக்குத் தூசி ஆகாது. காத்து மூஞ்சில அடிச்சுது. இவன் எம்மடில தலைய வெச்சுக் கண்ண மூடிட்டு வந்தான்.

அங்க பெருசா ஒண்ணுமில்லீங்க. சுத்திக் கம்பி வேலி, தகரக் கொட்டாயில குதிரைங்க, நடுவுல மணல் கொட்டி வட்டமா ஒரு எடம், அவ்வளவுதான். சொல்லிக் குடுக்கறது ஒரு பொம்பளை. ரெஜினான்னு பேரு, கோத்தகிரிப் பக்கம். கிராப்பு வெட்டிப் பேண்ட்டு சட்டை போட்டுட்டு, ஆம்பளைக் கொரல்ல பேசுவாங்க. பெரியசாமி எங்கள எறக்கி உட்டுட்டுத் திருப்பூர்ல மில்லு வேலை ஏதாச்சும் இருந்தாப் பாத்துட்டுத்தான் வருவாரு.

பையனுக்குன்னு குடுத்த குதிரைக்குப் பேரு பிஸ்கட். நெறமும் அதுதான். வயசான பொட்டக் குதிரை, ஆடு மாதிரி நிக்கும். அதுமேல இவனத் தூக்கி வெச்சாங்க பாருங்க, அழுகலீங்க. சத்தமே வரல. ஒதடு மட்டும் ஆடுது.

'அம்மா, எறக்கி உடச் சொல்லும்மா.'

'ஒண்ணும் ஆகாது சாமி. அம்மா இங்கயேதான் நிக்கறேன்.'

'அம்மா, ஒண்ணுக்கு வருது.'

'இப்பத்தான போயிட்டு வந்தே?'

சொல்லி முடிக்கறதுக்குள்ள ட்ரவுசர் நனைஞ்சு சேணத்துல எறங்கிருச்சு. எனக்கு மானமே போச்சு. ரெஜினா அவன எறக்கி உட்டுட்டு, துணிய எடுத்துத் தொடைச்சாங்க. அப்பறம் அவங்களே ஸ்டவ்வுல டீ வெச்சு, கண்ணாடி டம்ளர்ல ஊத்தி எங்கைல குடுத்தாங்க. அதுவரைக்கும் எனக்கு யாரும் டீ போட்டுக் குடுத்ததில்லீங்க, நாந்தான் எல்லாருக்கும் போடுவேன். அந்த டீய நின்னுக்கிட்டே குடிச்சேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்க.

ஊட்டுக்கு வந்ததும் இவரு கேட்டாரு, 'ஏறுனானா?' 'ஏறுனானுங்க, நல்லா ஒக்காந்தான்'னு சொன்னேன். பொய்யில்லியே, ஏறுனானே. வேற மாதிரி சொன்னா அடிப்பாரு. பையன் அடி வாங்கக் கூடாதுன்னுதான்.

அப்பறம் வாரா வாரம் போனமுங்க. சனிக்கிழமைன்னா வெடியறதுக்கு முன்னாலயே எனக்கு முழிப்பு வந்துரும். அவனுக்குந்தான் வந்துரும், எந்திரிச்சு ஒக்காந்துட்டிருப்பான். நான் தலைக்குக் குளிச்சு, நல்ல சீலை ஒண்ணு கட்டிப் பூ வெச்சுக்குவேன். அவன் பாத்ரூமுல வாந்தி எடுப்பான். மொத ரெண்டு மூணு தடவை அப்படி ஆச்சு. அப்பறம் நான் அவனுக்கு ஒண்ணும் குடுக்காமயே கூட்டீட்டுப் போயிர்றது. வெறும் வயித்துல என்னத்த வாந்தி எடுக்கறது? அது நின்னு போச்சு.

ஆனா குதிரை மேல மட்டும் பழகவே இல்லீங்க. ஏத்துனா வெரச்சுக்கிட்டு ஒக்காருவான், எறக்கு எறக்கும்பான். ஒரு நா ரெஜினா எங்கிட்ட வந்து, 'இந்தப் பையனுக்கு வேண்டாம்மா'ன்னாங்க. 'சில கொழந்தைக்கு ஒத்துக்காது. பெருசானதும் ஆசைப்பட்டு வந்தா வரட்டும். நான் உங்க சார்கிட்டப் பேசறேன், நம்பர் குடுங்க.'

'ஐயோ வேண்டாமுங்க, பேசீராதீங்க'ன்னு அவங்க கையப் புடிச்சுட்டேன்.

'ஏன்?'

'அவரு கோவக்காரருங்க. பையனக் கொன்னு போடுவாரு.'

'பையனுக்காகத்தான் சொல்றீங்களா?'

'பின்ன யாருக்காகச் சொல்லுவேன்?'

அவங்க என்னய மேலயுங் கீழயும் பாத்தாங்க. பூ வெச்சிருந்ததப் பாத்தாங்களோ என்னமோ. 'செரி, அப்ப நீங்க ஏறுங்க'ன்னாங்க. 'அம்மா ஏறறதப் பாத்தாப் பையனுக்குப் பயம் போகும்.'

பையனுக்குப் பயம் போகும்னு சொன்னதாலதான் ஏறுனனுங்க. அவங்க பழைய பேண்ட்டு ஒண்ணு குடுத்தாங்க. சீலைக்குள்ள அதப் போட்டுக்கிட்டு, சீலையத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டு, சேணத்துல தொங்கற மிதில ஒரு கால வெச்சேன். ஏற வரல. ரெஜினா பொறகால இருந்து மூட்டை தூக்கற மாதிரி ஒரு தள்ளுத் தள்ளுனாங்க. மேல போயிட்டேன்.

எப்படிச் சொல்றது? கீழ இருந்து பாத்தா ஒசரமே தெரியாது. மேல ஒக்காந்தா, அம்மாடி! வேலி தாண்டி ரோடு தெரியுது, பஸ்ஸு போறது தெரியுது, அக்கட்டால கரண்டு எடுக்கற காத்தாடி சுத்தறது தெரியுது. காலுக்குள்ள அது மூச்சு உடறது தெரியுது, சூடா. அது நடக்க ஆரம்பிச்சதும் நான் கத்திட்டேன். கத்திட்டுச் சிரிச்சேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து அப்படிச் சத்தமாச் சிரிச்சேனான்னு தெரியலீங்க. சர்வேஷு பெஞ்சு மேல ஏறி நின்னு கை தட்டறான். 'அம்மா, அம்மா'ன்னு குதிக்கறான். அவன் அந்த எடத்துல சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

பாத்தீங்களா, ரெஜினா சொன்னது செரியாத்தான இருந்துச்சு? பையனுக்குப் பாதிப் பயம் அன்னைக்கே போயிருச்சு.

அதுக்கப்பறம் நாந்தானுங்க ஓட்டுனது. அவன் பெஞ்சுல ஒக்காந்து ஹோம் ஒர்க் எழுதுவான். பிஸ்கட்டுக்குப் புல்லுப் போடுவான், கிட்டப் போகாம தூர நின்னு வீசுவான். நான் மொத நடத்தப் பழகி, அப்பறம் துள்ளு நடை பழகி, ஒரு மாசம் ரெண்டு மாசம் போறதுக்குள்ள ரெஜினா கயித்த உட்டுட்டாங்க. நானா ஓட்டுவேன். 'உங்களுக்கு ஒடம்புலயே இருக்குது கோதை'ன்னாங்க. இங்க யாரும் எம்பேரச் சொல்லிக் கூப்பட மாட்டாங்க, அதனால சித்த நேரம் யாரச் சொல்றாங்கன்னே புரியல.

ஊட்டுல சொல்ல முடியுமா? சொல்லல. பையனும் சொல்லல. கெட்டிக்காரன். கெளம்பறதுக்கு முன்னால குதிரை தேய்க்கற பிரஷ்ஷ எடுத்து, அதுல இருக்கற முடியப் பிச்சுத் தன்னோட ட்ரவுசர்ல, சட்டைல எல்லாம் ஒட்ட வெச்சுக்குவான். கைய மணல்ல தேய்ச்சுக்குவான். ஊட்டுக்கு வந்ததும் நேரா அப்பத்தாகிட்டப் போயி நிப்பான். அத்தை மோந்து பாத்துட்டு, 'உம், குதிரை நாத்தம்'னு சந்தோசமாச் சொல்லுவாங்க. நான் அதுக்குள்ள குளிக்கப் போயிருவேன். அவங்கப்பா, 'இன்னைக்கு என்னடா பண்ணுனே?'ன்னு கேட்டா, நான் பண்ணுனத எல்லாம் அவன் பண்ணுன மாதிரி ஒண்ணு உடாமச் சொல்லுவான். எங்கிட்டக் கேட்டுக்கூட வெச்சுக்கறதில்ல, அவனே பாத்து வெச்சிருப்பான். அவனுக்கு அது ஒரு வெளையாட்டு.

ஒரு தடவை நான் உழுந்துட்டனுங்க. இடுப்புல நல்ல அடி. பாத்ரூமுல வழுக்கீருச்சுன்னு சொன்னேன். அத்தையே தைலம் போட்டுத் தேய்ச்சு உட்டாங்க, பாவம், நல்லவங்கதான். அன்னைக்கு ராத்திரி பூரா பையன் எஞ்சீலத் தலைப்பக் கைல சுத்திக்கிட்டே படுத்திருந்தான். 'இனி போக வேண்டாம்மா'ன்னான். கொழந்தைக்கு என்ன தெரியும்? அடுத்த சனிக்கிழமையும் போயிட்டோம்.

அப்படியே போயிட்டிருந்தா ஒண்ணுமில்லீங்க. எங்க கொலதெய்வம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்துச்சு. தீர்த்தக் கொடம் எடுத்துட்டு ஊர்வலமாப் போகோணும். கமிட்டிக் கூட்டத்துல இவரு எந்திரிச்சு, 'ஊர்வலத்துக்கு முன்னால எம்பையன் குதிரைல போவான், எங்க பாட்டனாரு போன மாதிரி'ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ஊட்டுக்கு வந்து ஸ்வீட்டு குடுக்கறாரு.

அன்னைக்கே சொல்லீரோணும்னுதான் இருந்தேன். அவர் சாப்பட ஒக்காந்தப்ப, ரசம் ஊத்தற சாக்குல பக்கத்துல போயி நின்னேன். 'ஏனுங்க'ன்னேன். அவரு நிமுந்து பாத்து, 'நீ பொறுப்பாக் கூட்டீட்டுப் போனதாலதான் பையன் தேறுனான். இல்லீன்னா அப்பவே நிறுத்தீருப்பேன்'னாரு. அவரு என்னயப் பத்தி நல்லதாச் சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. 'ரசம் போதுமுங்களா?'ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். அப்பறம் ஒறம்பரை வர ஆரம்பிச்சுட்டாங்க, ஊட்டுக்கு வெள்ளையடிப்பு, பந்தல், பலகார வேலை. நேரம் எங்க இருக்குது?

ரெஜினாகிட்டச் சொன்னேன். அவங்க கத்துனாங்க. 'பையனோட உசுரு என்ன வெளையாட்டா? வேட்டுப் போட்டா எந்தக் குதிரையும் மெரளும். ஊட்டுல உண்மையச் சொல்லுங்க'ன்னாங்க. நான் அழுதேன். கடைசில, 'என் பிஸ்கட் இல்லாம வேற எதுலயாச்சும் ஏத்தீட்டா பையன் செத்துருவான்'னு சொல்லி, அவங்களே வந்து கயித்தப் புடிச்சுட்டு நடக்கறதா ஒத்துக்கிட்டாங்க.

மீதியிருந்த சனிக்கிழமைல அவன மறுபடியும் ஏத்திப் பாத்தோம். கண்ண மூடிக்கிட்டா ஒக்காந்திருப்பான். தெறந்தா ஒடம்பு ஒதறும். 'கண்ண மூடிக்கிட்டே இரு சாமி'ன்னேன். கொஞ்ச நேரம் அப்படி ஒக்காருவான், எறங்கிருவான். மீதி நேரத்த எதுக்கு வீணாக்கறதுன்னு நான் ஓட்டுவேன்.

கும்பாபிஷேகத்தன்னைக்கு அவனுக்குப் பட்டு வேட்டி கட்டித் தலைப்பா கட்டி உட்டிருந்தாங்க. நான் மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு, தலைல தீர்த்தக் கொடத்தோட மத்த பொம்பளைங்ககூட வரிசைல நிக்கறேன். முன்னால தப்பட்டை அடிக்கறாங்க, கொம்பு ஊதறாங்க. ரெஜினா பிஸ்கட்டப் புடிச்சுட்டு நிக்கறாங்க. எங்கூட்டுக்காரரு, 'ஏறுடா ராசா'ன்னாரு.

பையன் திரும்பி என்னயப் பாத்தான். நான் என்ன பண்றது? தலைல கொடம், ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கறேன். தலையக்கூட ஆட்ட முடியாது. பாத்துட்டே நின்னேன். அவன் சித்த நேரம் பாத்துட்டு, திரும்பி, ரெஜினா கைல கால வெச்சு ஏறீட்டான்.

ஊர்வலம் கெளம்புச்சு. நான் பொறகால இருந்ததால அவன் முதுகுதான் தெரியுது, நேரா, ஆணி அடிச்ச மாதிரி. முக்குல திரும்பறப்ப எவனோ அவுட்டு வெடி ஒண்ணு கொளுத்துனான். பிஸ்கட் முன்னங்காலத் தூக்கீருச்சு. எங்கொடம் ஆடித் தண்ணி மூஞ்சில வழியுது, எனக்கு ஒண்ணுந் தெரியல. கூட்டம் ஓன்னு கத்துது. ரெஜினா கயித்துல தொங்கறாங்க. பாத்தா, அவன் உழுகலீங்க. பிடரி முடிய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறான். கூட்டம் விசிலடிக்குது. பெரியவங்கெல்லாம் கையெடுத்துக் கும்புடறாங்க. எங்கூட்டுக்காரரு நடு ரோட்டுல நின்னு அழுகறாரு. நான் அவரு அழுது பாத்ததே இல்ல.

கோயில்ல எறக்குனப்ப ஒதட்டுல ரத்தம். பல்லு பட்டு உள்பக்கமாக் கிழிஞ்சிருந்துச்சு. வேட்டி நனைஞ்சிருந்துச்சு, தீர்த்தம் தெளிச்சாங்கல்ல, அதுதான். இவரு தூக்கித் தோள்ல வெச்சுட்டுச் சுத்தறாரு. கடைசியா எங்கிட்ட வந்தப்ப, 'பயமா இருந்துச்சா சாமி?'ன்னு கேட்டேன். அவன் எங்காதுகிட்ட வந்து, 'இனியும் நாம சனிக்கிழமை போலாமல்லம்மா?'ன்னான்.

பாருங்க, அவனுக்கே ஆசை வந்துருச்சு.

ஆனா எங்க போனோம்? அடுத்த சனிக்கிழமை நான் பூ வெச்சுட்டுக் கெளம்பி நிக்கறேன். இவரு சொல்றாரு, 'இனி நீ எதுக்கு? அவன் ஆம்பளை ஆயிட்டான். பெரியசாமிகூடப் போயிட்டு வருவான்.' பையன் ஒடனே, 'அம்மா வந்தாத்தான் ஏறுவேன்'னு ஆரம்பிச்சான். தரைல உழுந்து பொரண்டான். அவங்கப்பா சிரிச்சாரு. 'ஊரே பாத்துச்சுடா, யாருகிட்டக் கத உடறே? அம்மாகூட ஊர் சுத்தோணும், அதான?'ன்னாரு. அத்தையும் சிரிச்சாங்க. அவனுக்கு எம்மேல அவ்வளவு ஒட்டுதல். காரு கேட்டத் தாண்டிப் போறவரைக்கும் பின் கண்ணாடில மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டே போனான்.

வந்ததும் கேட்டேன், 'ஏறுனியா சாமி?' 'ஏறுனேன்'னான். 'கண்ண மூடிக்கிட்டா?' 'இல்ல.' அவ்வளவுதான் சொன்னான். அன்னைக்கு அவன் ட்ரவுசர்ல இருந்த குதிரை முடி தானா ஒட்டுனது. ரெஜினா மேடம் என்னயக் கேட்டாங்கன்னு ரெண்டு மூணு வாரம் வந்து சொன்னான். அப்பறம் அதையும் சொல்றதில்ல.

அந்த ஜூன் மாசம் ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க. மலைல பெரிய ஸ்கூலு, அவங்ககிட்டயே குதிரை இருக்குது. கும்பாபிஷேகத்துக்கு வந்த ஒறம்பரை ஒருத்தர் சொன்னாரு, இந்த மாதிரித் தைரியமான பையன ஊட்டுல வெச்சுக் கெடுக்காதீங்கன்னு. நான் சொன்னேன், சொல்லாம இல்ல. 'அவன் பயந்த பையனுங்க, எங்கை இல்லாமத் தூங்க மாட்டான்'னு. எல்லாரும் என்னயப் பாத்த பார்வை இருக்குதே! கொழுந்தனாரு, அதான் உங்க மாப்பிள்ளை, 'அண்ணிக்குத்தான் பயம்'னாரு. கலகலப்பாப் பேசுவாரு, உங்க தங்கச்சிக்குப் பிடிக்கும். நான் மேல என்ன சொல்றது? ஏறவே இல்ல, நாந்தான் ஏறுனேன்னா? ஊரே பாத்திருக்குதே.

இப்ப நல்லா இருக்கறான். கப்பு வாங்கியிருக்கறான், கண்ணாடி பீரோல இருக்குது பாருங்க. ஞாயித்துக்கிழமை போன் வரும், ஹால்ல ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருமாப் பேசுவோம். லீவுக்கு வந்தா ஒரு தொந்தரவில்ல. தனி ரூமுல கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுத்தான் படுக்கறான். சோறு ஊட்டப் போனா, 'நானே சாப்ட்டுக்கறனுங்க'ங்கறான். என்னய நீங்க, வாங்கன்னுதான் கூப்படறான். அத்தனை மரியாதை சொல்லிக் குடுத்திருக்கறாங்க. போன லீவுக்கு வந்தப்ப ஒரு நா ஆசையாக் கேட்டேன், 'ரெஜினா மேடத்தப் பாக்கோணும்னு அப்பாகிட்டச் சொல்லேன் சாமி, நீ சொன்னா உடுவாரு, நானுந் தொணைக்கு வர்றேன்'னு. 'எனக்குத் தொணை வேண்டாமுங்கம்மா'ன்னான். பெரிய மனுசனாட்டப் பேசறான். வயசு பத்து ஆகல.

இதெல்லாம் நீங்க மனசுலயே வெச்சுக்கங்க. எதுக்குச் சொன்னேன்னா, போகோணும்னு இருந்தா இந்த ஊட்டுல இருந்தும் போக முடியும். வழி இருக்குது. உங்க தங்கச்சி ஸ்கூட்டியக் கொண்டாரட்டும், யாரும் வேண்டாங்க மாட்டாங்க. ரோட்டுக்குக் கொண்டு போக உட மாட்டாங்க, அது வேற. களம் எத்தாப் பெருசுன்னு பாத்தீங்கல்ல? தேங்கா காயப் போடாத நாள்ல அதுலயே சுத்திச் சுத்தி ஓட்டலாம்.

கீழ கூப்படறாங்க. எந்திரிங்க, டம்ளர அப்படியே வெச்சுருங்க, நான் எடுத்துக்கறேன். உங்கப்பாகிட்ட நல்ல எடம்னு சொல்லுங்க. இதுவரைக்கும் வந்த பொண்ணு ஊட்டுக்காரங்க எல்லாம் என்னமோ காரணஞ் சொல்லித் தட்டிக் கழிச்சுட்டாங்க. நீங்களும் அப்படிச் சொல்லீராதீங்க. எனக்கும் பேச்சுக்கு ஒரு ஆளு வேணுமல்ல? எங்கூடப் பொறந்தவளாட்டப் பாத்துக்கறேன். மொதக் கொஞ்ச நாள் அப்படி இப்படித்தான் இருக்கும். ஒரு கொழந்த பொறந்துட்டா எல்லாஞ் செரியாயிரும். நீச்சலோ பாட்டோ, அதுக்கும் ஏதாச்சும் ஒண்ணு பழக்கித்தான ஆகோணும்? நாங்க ரெண்டு பேருமாக் கூட்டீட்டுப் போயிட்டு வந்துருவோம். தைரியமான கொழந்தையா மட்டும் பொறந்துரக் கூடாதுங்க. அது பாட்டுக்கு டிரைவர்கூடப் போயிரும்.